வலது பக்கம் யார் கறுப்பு?

அமெரிக்காவில் 1969இல் ஒளிபரப்பான ஒரு விண்வெளிக் கதை. அதே ஆண்டு, அடுத்த மாதம், மாஹிமில் ஒரு கலவரம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டையும் ஒரு மும்பைத் தமிழர் இப்போது சேர்த்துப் பார்க்கிறார்.

‘ஸ்டார் ட்ரெக்’ ரசிகர்களிடையே ஒரு பழைய நகைச்சுவை உண்டு. என்டர்பிரைஸ் விண்கப்பலிலிருந்து புதிய கிரகத்தில் இறங்கும் குழுவில், பெயர் தெரியாத ஒருவன் சிவப்புச் சட்டை போட்டிருந்தால் அவன் உயிரோடு திரும்பமாட்டான். மஞ்சள் சட்டை தலைமைக்கு, நீலம் விஞ்ஞானிகளுக்கும் மருத்துவருக்கும், சிவப்பு பொறியாளர்களுக்கும் காவலர்களுக்கும். சாவு பெரும்பாலும் காவலர்களுக்குத்தான். உலகமே சிரித்த இந்த நகைச்சுவை 1980களில் இந்தியாவில் அந்தத் தொடரைப் பார்த்த பலருக்கு எட்டவேயில்லை. காரணம் எளிது. அவர்கள் வீட்டு டி.வி.யில் எல்லோருடைய சட்டையும் சாம்பல் நிறம்.

தூர்தர்ஷன் 1982இலேயே வண்ணத்துக்கு மாறிவிட்டது. ஆனால் நிலையம் வண்ணத்தில் அனுப்பினால் போதுமா, வீட்டில் வண்ணப் பெட்டி இருக்க வேண்டாமா? மாஹிம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, தாராவியின் விளிம்பில் தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில் 1985 வாக்கில் டி.வி. இருந்ததே பெரிய விஷயம். பத்து வீட்டுக்கு ஒரு பெட்டி. மரக் கதவு வைத்த, ‘சாலிடேர்’ அல்லது ‘டயனோரா’ என்று எழுதிய, கறுப்பு வெள்ளைப் பெட்டி.

அந்தப் பெட்டியில் துளியும் சேதாரமில்லாமல் வந்து சேர்ந்திருக்கக்கூடிய ஒரு ‘ஸ்டார் ட்ரெக்’ கதை உண்டு. அதில் நிறம்தான் முழுக் கதையும். ஆனால் கதைக்கு வேண்டியவை கறுப்பு, வெள்ளை என்ற இரண்டே நிறங்கள்.

‘லெட் தட் பீ யுவர் லாஸ்ட் பேட்டில்ஃபீல்ட்’ என்பது அதன் தலைப்பு. ‘இதுவே உனது இறுதிப் போர்க்களமாகட்டும்’ என்று தமிழில் சொல்லலாம். தொடரின் மூன்றாவது, கடைசி, ஆண்டில் என்.பி.சி. நிறுவனம் 1969 ஜனவரி 10 அன்று இதை ஒளிபரப்பியது. கேப்டன் கிர்க்கின் கப்பல் வழியில் ஒரு திருட்டு ஓடத்தை மடக்குகிறது. அதில் இருப்பவன் லோகாய். முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரை கோடு கிழித்தாற்போல ஒரு பாதி வெள்ளை, மறு பாதி கறுப்பு. கொஞ்ச நேரத்தில் அவனைத் துரத்திக்கொண்டு இன்னொருவன் வருகிறான். பெயர் பீல். ‘அரசியல் துரோகிகள் கமிஷ’னின் தலைமை அதிகாரி. அவனுக்கும் அதே பாதிப் பாதி முகம். ஐம்பதாயிரம் ஆண்டுகளாக அவன் இவனைத் துரத்திக்கொண்டிருக்கிறானாம். இருவருமே ஷெரான் என்ற கிரகத்தைச் சேர்ந்தவர்கள்.

கிர்க்குக்கும் ஸ்பாக்குக்கும் எதற்கு இத்தனை பகை என்று விளங்கவில்லை. பார்ப்பதற்கு இருவரும் ஒரே இனம்போலத்தானே இருக்கிறீர்கள் என்கிறார்கள். பீல் அசந்துபோகிறான். இவர்களுக்குக் கண் இல்லையா என்பதுபோல் ஒரு பார்வை. பிறகு விளக்குகிறான்: எனக்கு வலது பக்கம் கறுப்பு, லோகாய்க்கு வலது பக்கம் வெள்ளை. அவனுடைய ஆட்கள் எல்லோருக்குமே வலது பக்கம் வெள்ளை.

பார்வையாளரும் அந்த நிமிடத்தில்தான் அதைக் கவனிக்கிறார். கதையின் உயிர் இந்த ஒரு இடத்தில் இருக்கிறது. இதைத் தாங்கி நிற்க வைத்தவர் பீலாக நடித்த ஃப்ராங்க் கோர்ஷின். ‘பேட்மேன்’ டி.வி. தொடரில் ரிட்லர் என்ற வில்லனாகக் குதித்துச் சிரித்துப் பேர் வாங்கியவர். இங்கே சிரிப்பில்லை, விறைப்புதான். லோகாயாக லூ அன்டோனியோ.

இந்தக் கதையை மறுபடி பார்த்தவர் இப்போது செம்பூரில் வசிக்கும் 53 வயது வங்கி அதிகாரி. பெயர் வேண்டாம் என்கிறார். பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. தாராவித் தமிழர்களில் மிகப் பலருக்கு அதுதான் பூர்வீகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோல் பதனிடும் தொழிலுக்காக அங்கிருந்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் வந்து இறங்கினார்கள். பிறகு நாடார்கள் வந்தார்கள், மற்றவர்களும் வந்தார்கள். இவருடைய அப்பா 1960களின் நடுவில் வந்து மாஹிமில் ஒரு தென்னிந்திய ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தவர். மகன் படித்தது மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில்.

அவர் குடியிருந்த வரிசையில் டி.வி. வைத்திருந்தது ஒரு பாய் வீடு. அவர்களும் திருநெல்வேலிக்காரர்கள், மேலப்பாளையம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ‘ஸ்டார் ட்ரெக்’, மத்தியானம் மாநில மொழிப் படம். தமிழ்ப் படத்தின் முறை எப்போதாவதுதான் வரும், அதுவும் பெரும்பாலும் விருது வாங்கிய, மெதுவாக நகரும் படமாக இருக்கும். ஆகவே பிள்ளைகளுக்குக் காலைதான் முக்கியம். பாய் வீட்டு அக்கா தரையில் பாயை விரித்து, சத்தம் போட்டால் வெளியே போகணும்லே என்று எச்சரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாராம்.

தமிழ்ப் பள்ளியில் ஏழாவது படிக்கும் பையனுக்கு அமெரிக்க ஆங்கிலம் எவ்வளவு புரிந்திருக்கும்? அநேகமாக ஒன்றுமில்லை என்கிறார் அவர். ஆனால் கதை புரிந்தது. பீல் கப்பலைத் தன் மனோசக்தியால் கைப்பற்றி ஷெரானை நோக்கித் திருப்புகிறான். கிர்க் கப்பலையே வெடிக்கவைத்துவிடுவேன் என்கிறார். கேப்டன், ஸ்பாக், ஸ்காட் மூவரும் ஒருவர்பின் ஒருவராகக் கணிப்பொறியிடம் ரகசிய எண்களைச் சொல்ல, முப்பது வினாடிகள் இறங்குமுகமாக எண்ணப்படுகின்றன. எண்களுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லையே. பாய் வீட்டுக் கூடத்தில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை என்பது அவர் நினைவு.

இன்னொன்றும் அந்தப் பையனுக்குச் சந்தேகமில்லாமல் புரிந்தது. பீல் போலீஸ், லோகாய் திருடன். ஓடத்தைத் திருடிக்கொண்டு ஓடியவன்தானே. அப்புறம் என்ன?

விமர்சகர்கள் இந்தக் கதையை அவ்வளவாக மதிப்பதில்லை. சொல்லவந்ததை முகத்திலேயே பெயிண்ட் அடித்துக் காட்டுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு நியாயமானதே. மூன்றாவது ஆண்டில் தொடரின் பட்ஜெட் வெட்டப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை இரவு 10 மணி என்ற, யாரும் சீந்தாத நேரத்துக்குத் தள்ளியிருந்தார்கள். பீல் வந்த விண்கலம் கண்ணுக்கே தெரியாது என்று கதையில் சொல்கிறார்கள். பொம்மை செய்யும் செலவு மிச்சம் என்று ரசிகர்கள் இன்றும் கேலி செய்கிறார்கள். அபாய அறிவிப்பு வரும்போதெல்லாம் கேமரா சிவப்பு விளக்கை நோக்கிப் பாய்ந்து பாய்ந்து பின்வாங்குவது தலைவலி. பாதிப் பாதி முகம் என்ற யோசனை இயக்குநர் ஜட் டெய்லருடையது என்பார்கள். மூலக்கதை எழுதிய ஜீன் கூன் தன் சொந்தப் பெயரைப் போடவில்லை, லீ க்ரோனின் என்ற புனைபெயர்தான் வருகிறது. திரைக்கதை ஆலிவர் க்ராஃபோர்ட்.

ஆனால் காலத்தை நினைக்க வேண்டும். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டது 1968 ஏப்ரல் 4. அடுத்த சில நாட்களில் அமெரிக்காவில் பல நகரங்கள் எரிந்தன. ஒன்பது மாதம் கழித்து இந்தக் கதை வருகிறது. நாசூக்குக்கு நேரமில்லாத காலம்.

மாஹிமுக்கும் அது நாசூக்கான காலமாக இருக்கவில்லை. தேதிகள் வேடிக்கையாக உடன்வருகின்றன. ‘ஸ்டார் ட்ரெக்’ முதன்முதலில் ஒளிபரப்பானது 1966 செப்டம்பர் 8. அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜூன் 19 அன்று, பம்பாயில் சிவசேனை பிறந்திருந்தது. அதன் முதல் எதிரி தென்னிந்தியர். ‘மார்மிக்’ வார இதழ், கம்பெனிகளில் பெரிய வேலையில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. டைப்பிஸ்ட் வேலை, குமாஸ்தா வேலை எல்லாம் மதராசிகளுக்கா என்பது கேள்வி.

1969 பிப்ரவரி 7 அன்று துணைப் பிரதமர் மொரார்ஜி தேசாய் பம்பாய் வந்தார். பெல்காம் எல்லைப் பிரச்சினையில் மனுக் கொடுக்க சிவசேனைத் தொண்டர்கள் மாஹிமில் வழிமறித்தார்கள். கார் நிற்காமல் போனது. நகரம் பற்றிக்கொண்டது. நான்கு நாள் கலவரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எல்லைத் தகராறு மைசூர் மாநிலத்தோடு. ஆனால் அடி விழுந்தது தென்னிந்தியர் கடை, ஓட்டல் எல்லாவற்றுக்கும். கன்னடக்காரர் யார், தமிழர் யார், மலையாளி யார் என்று நின்று விசாரிக்க யாருக்குப் பொறுமை? எல்லோரும் மதராசி. ஷெரான் கதை அமெரிக்காவில் ஒளிபரப்பாகி அப்போது நான்கு வாரம் ஆகியிருந்தது.

வங்கி அதிகாரியின் அப்பா அந்த நான்கு நாளும் ஓட்டலின் பின்கட்டில், இழுத்துவிட்ட ஷட்டருக்கு உள்ளே, மாவு மூட்டைகளுக்கு நடுவே இருந்தவர். மகனிடம் அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறார். பேசியதிலும் பாதி, அரைத்த மாவு அத்தனையும் புளித்துப் போனதைப் பற்றி.

இங்கேதான் அந்த ‘வலது பக்கம்’ விஷயம் கடிக்க ஆரம்பிக்கிறது. வெளியே நின்று கல்லெறிந்தவனுக்கு மதராசிகள் எல்லோரும் ஒரே முகம். கேப்டன் கிர்க்கைப்போல அவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் தாராவிக்கு உள்ளே? ஒரு புது ஆள் வந்தால் ஊர் எது என்று கேட்பார்கள். ஊர் சொன்னால் எந்தத் தெரு என்பார்கள். தெருவும் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. எந்த வரிசையில் குடியிருக்கலாம், எந்தச் சங்கத்தில் சேரலாம், யார் வீட்டுக் கல்யாணத்தில் எங்கே உட்காரலாம் என்பதெல்லாம் ஒரே கேள்வியில் தெளிவாகிவிடும். மராத்திக்காரருக்கு எத்தனை உற்றுப் பார்த்தாலும் தெரியாத கோடு தமிழருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. பீல் கிர்க்கைப் பார்த்த அதே ஆச்சரியப் பார்வையோடுதான் தமிழர்களும் வடக்கத்தியரைப் பார்த்திருப்பார்கள்: இதுகூடத் தெரியவில்லையா உங்களுக்கு?

அமெரிக்கர்கள் நிறவெறி பற்றி எழுதிய கதை, நிறமே இல்லாத ஒரு ஏற்பாட்டுக்கு இவ்வளவு பொருந்துவது எழுதியவர்களுக்கே தெரிந்திருக்காது. கறுப்பர் வெள்ளையர் வித்தியாசத்தை வெளியாளும் பார்க்கலாம். சாதியைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஷெரான்காரர்களின் வித்தியாசம் இரண்டாவது ரகம்.

அதிகாரி இந்தக் கதையை இப்போது பார்த்தது கல்லூரியில் படிக்கும் மகளோடு. டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்ட வண்ணப் பிரதி. கப்பலின் சுவரும் விளக்குகளும் இத்தனை பளபளப்பு என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வசனமும் இந்த முறை புரிந்தது. நாற்பது வருடமாகப் போலீஸ் என்று நினைத்திருந்த பீல் யார் என்பது வசனத்தில் இருக்கிறது. அவனுடைய இனம் லோகாயின் இனத்தை அடிமைகளாக வைத்திருந்த இனம். நாங்கள் அவர்களைக் கைதூக்கிவிட்டுக்கொண்டிருந்தோம், மாற்றம் ஒரே நாளில் வராது, இவன் அவசரப்பட்டுக் கலகம் செய்தான் என்பது பீலின் வாதம். லோகாய் கப்பலின் இளம் அதிகாரிகளிடம், குடிசையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டு, உங்களை ஒடுக்குபவனுடைய யுத்தத்தில் சாகும்படி அனுப்பப்பட்டால் எப்படி இருக்கும் என்று கேட்கிறான். வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்தபோது எழுதிய வசனம்.

அப்பாவுக்கு இருவருடைய வெறுப்பும் சேர்ந்துதான் கிரகத்தை அழித்தது என்று தோன்றியது. கதை சொல்ல விரும்புவதும் அதைத்தான். மகள் ஒப்புக்கொள்ளவில்லை. அடிமையாக வைத்திருந்தவனும் அடிமையாக இருந்தவனும் எப்படி அப்பா சமம், இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்துவது சௌகரியமாக இருக்கிறது இல்லையா என்பது அவள் கேள்வி.

அவள் சொல்வதில் விஷயமிருக்கிறது. கதையின் உண்மையான ஓட்டை பெயிண்டில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. கிர்க் இருவருக்கும் நடுவில் நின்று இருவரையும் ஒரே குரலில் கண்டிக்கிறார். லோகாய் கேட்ட அரசியல் புகலிடத்துக்கு அவர் நேராகப் பதில் சொல்வதில்லை. ஓடம் திருடிய குற்றத்துக்கு உன்னை நட்சத்திரத் தளத்தில் ஒப்படைப்பேன் என்கிறார். ஒரு இனத்தின் அடிமைத்தனத்துக்கு முன்னால் ஒரு திருட்டு வழக்கு. இது தாராவிக்காரர்களுக்கு ரொம்பப் பழக்கமான நியாயம்.

ஆனால் அப்பாவின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. அது 1993 ஜனவரி. அவருக்கு அப்போது 20 வயது. பாபர் மசூதி இடிக்கப்பட்ட 1992 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் பம்பாயில் நடந்த கலவரங்களில் தாராவியும் மாஹிமும் கடுமையாக அடிபட்டன. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிஷனின் அறிக்கை 1998இல் வெளிவந்தது. அதன் கணக்குப்படி இறந்தவர்கள் 900 பேர்: முஸ்லிம்கள் 575, இந்துக்கள் 275, மற்றவர்கள் அடையாளம் தெரியாதவர்களும் பிறரும். மார்ச் 12 அன்று தொடர் குண்டுவெடிப்பில் 257 பேர் இறந்தார்கள். அன்று மாஹிம் மீனவர் குடியிருப்பிலும் கையெறி குண்டுகள் விழுந்தன.

ஜனவரியில் தெருமுனையில் நிறுத்திப் பெயர் கேட்டார்கள். இந்த முறை மதராசி என்ற அடையாளம் யாரையும் காப்பாற்றவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. அது காலாவதியாகிவிட்டது. 1969இல் ஓட்டல் ஷட்டருக்குள் ஒளிந்த தமிழரும் அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்த தமிழ் பாயும் ஒரே பக்கம். 24 வருடம் கழித்து அவர்களுக்கு நடுவிலேயே கோடு விழுந்துவிட்டது. யார் முகத்தில் எது வலது பக்கம் என்பதைப் புதிதாக முடிவுசெய்திருந்தார்கள்.

பாய் வீட்டுக்காரர்கள் அந்த ஜனவரியில் மேலப்பாளையத்துக்குப் போனார்கள். அப்போது ஊர் திரும்பும் ரயில்களில் நிற்க இடமில்லை. வீட்டுச் சாவியை இவர் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ரெண்டு மாசத்துல வந்துருவோம் மதினி என்று சொல்லிப் போனவர்கள் வரவில்லை. வீடு கைமாறியது. வரிசையில் யாரும் அவர்களை விரட்டவில்லை என்கிறார் அதிகாரி. போகவேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. இதை அவர் இரண்டு வாக்கியமாகத்தான் சொல்கிறார், நடுவில் கொஞ்சம் நிறுத்தி.

கதையின் முடிவில் கப்பல் ஷெரானை அடைகிறது. ஸ்பாக் கருவியில் பார்த்துச் சொல்கிறார்: நகரங்கள் இருக்கின்றன, நடமாட்டம் இல்லை. புதைக்க ஆளில்லாத பிணங்கள் குவிந்து கிடக்கின்றன. சாலைகளைச் செடிகொடிகள் மூடத் தொடங்கிவிட்டன. இரண்டு இனமும் ஒன்றையொன்று முழுக்க அழித்து முடித்துவிட்டது. எஞ்சியிருப்பது இந்த இருவர்தான். அவர்களோ அப்போதும் ஒருவரையொருவர் குற்றம்சாட்டி, கப்பலின் நீண்ட நடைவழிகளில் துரத்தி ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தின்மேல் நகரங்கள் எரியும் காட்சிகளைப் பதித்திருக்கிறார்கள். அவை இரண்டாம் உலகப் போரில் எடுத்த உண்மையான படங்கள். செலவு மிச்சம் பிடிக்கச் செய்த காரியமாக இருக்கலாம். ஆனாலும் முழுக் கதையிலும் உடம்பை உலுக்குவது அந்த இடம்தான்.

அதற்குச் சற்று முன்னால் யாரும் அதிகம் பேசாத ஒரு சின்ன உரையாடல் வருகிறது. பூமியிலும் ஒருகாலத்தில் இப்படிக் கொடுமைகள் இருந்ததாகச் சரித்திர வகுப்பில் படித்திருக்கிறேன் என்கிறான் செக்காவ். அதெல்லாம் இருபதாம் நூற்றாண்டோடு போயிற்று என்கிறான் சுலு. மகள் இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாளாம்.

பாய் வீட்டுப் பையன்களில் ஒருவர் இப்போது துபாயில் இருக்கிறார். சில வருடம் முன்பு ஃபேஸ்புக்கில் பிடித்து மறுபடி தொடர்பு ஏற்பட்டிருக்கிறது. கதையைப் பார்த்து முடித்த இரவு அதிகாரி அவருக்கு, கோர்ஷினின் பாதிப் பாதி முகப் படத்தை அனுப்பி, நினைவிருக்கிறதா அண்ணே, உங்கள் வீட்டில் பார்த்தோமே என்று கேட்டார். பதில் மறுநாள் வந்தது. அந்தக் கதை நினைவில்லை என்றார் அவர். ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற பெயரும் மங்கலாகத்தான் இருக்கிறதாம். எப்படி இருக்கும்? நீங்கள் எல்லோரும் கீழே உட்கார்ந்து பார்த்தபோது நான்தானே தகரத்தின்மேல் நின்று ஒர்லிப் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தார்.